கொக்கியில் தொங்கும் ஹைட்ரஜன்



பசுமை ஹைட்ரஜன் வந்தால் தூத்துக்குடியின் தலையெழுத்தே மாறிவிடும் என்று எனக்கு முன்னால் பேசிய நண்பர்கள் சொன்னார்கள். மாறட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் ஹைட்ரஜன் நம் ஊருக்குப் புது விருந்தாளி இல்லை. எழுபதுகளில் இருந்தே ஸ்பிக் ஆலை உரத்துக்காக அதைத் தயாரித்துக்கொண்டுதான் இருக்கிறது. முன்பு நாஃப்தாவில் இருந்து எடுத்தார்கள், இப்போது இயற்கை எரிவாயுவில் இருந்து எடுக்கிறார்கள். இனி தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து எடுக்கப் போகிறார்கள், அதுவும் காற்றும் வெயிலும் தந்த மின்சாரத்தால். புதிது என்றால் அதுதான் புதிது.

2025 செப்டம்பரில் நம் வ.உ.சி. துறைமுகத்தில் ஒரு மாதிரி ஆலையைத் தொடங்கினார்கள். மணிக்கு 10 கனமீட்டர். எடை போட்டுப் பார்த்தால் ஒரு கிலோகூட வராது. அதில் துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்கு எரிகிறது. நல்ல தொடக்கம், கேலி பேசமாட்டேன். ஆனால் அடுத்து வரப்போவதன் அளவு வேறு. சிங்கப்பூரின் செம்ப்கார்ப் நிறுவனம் 36,238 கோடி ரூபாய் முதலீட்டுக்கு 2024இல் தமிழக அரசோடு கையெழுத்திட்டது. ஹைட்ரஜனை அம்மோனியாவாக்கி, இங்கிருந்து ஆண்டுக்கு 2 லட்சம் டன் ஜப்பானுக்கு அனுப்புவது அவர்கள் திட்டம். கணக்குப் போடுவோம். அவ்வளவு அம்மோனியாவுக்கு 35 ஆயிரம் டன்னுக்கு மேல் ஹைட்ரஜன் வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரம். ஆக, ஆண்டுக்குச் சுமார் 190 கோடி யூனிட்!

அந்த மின்சாரம் எப்படி வரும்? காற்றாலைகள் சுழலும் முப்பந்தலில் இருந்தும் கயத்தாறில் இருந்தும் லாரியில் வராது, கம்பியில்தான் வரும். பசுமை ஹைட்ரஜனுக்கென்றே நம் பகுதிக்கு 765 கிலோவோல்ட் துணைமின் நிலையம் திட்டமிட்டிருக்கிறார்கள். தண்ணீரைப் பிரிக்கும் எந்திரத்தைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. கம்பியைத் தாங்கும் கொக்கி, கிளாம்ப், பீங்கான் இன்சுலேட்டர், டேம்பர் பற்றி ஒரு மேடையிலும் ஒரு சொல் கிடையாது. அதனால் அதைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போகிறேன்.

400 கிலோவோல்ட் தடத்தில் 'மூஸ்' என்று ஒரு கம்பி போடுவார்கள். நடுவில் 7 எஃகு இழை, சுற்றிலும் 54 அலுமினிய இழை. மீட்டருக்கு 2 கிலோ எடை. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 400 மீட்டர் என்றால் ஒரு கம்பியே 800 கிலோ! அந்த எடையை இரவும் பகலும் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு சின்னக் கிளாம்ப்.

புயல்தான் கம்பிக்கு எமன் என்று நினைக்கிறோம். புயல் என்றைக்கோ ஒரு நாள் வரும். சீராக வீசும் இளங்காற்று தினமும் வரும். அது கம்பியை மெல்ல அதிரவைக்கும். கண்ணுக்கே தெரியாது. அந்த அதிர்வில் கிளாம்ப் பிடித்த இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அற்றுப்போகும். அதைத் தணிக்கத்தான் கம்பியில் குட்டி டம்பெல் போல ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், சாலையில் போகும்போது அண்ணாந்து பாருங்கள். அதுதான் டேம்பர், ஸ்டாக்பிரிட்ஜ் என்ற அமெரிக்கப் பொறியாளர் நூறாண்டுக்கு முன் கண்டது. காற்றாலையைச் சுழற்றிச் சம்பாதித்துக் கொடுக்கும் அதே காற்றுதான் கம்பியை அரிக்கிறது. திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் அதன் முதல் வேலையை மட்டும்தான் கணக்கில் எழுதுகிறார்கள்.

அடுத்தது உப்பு. உப்பளத் தோழர்களே, உப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்ல நான் யார்? ஆனால் பீங்கான் மேல் படியும் உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. விடியற்காலைப் பனி அதை நனைத்ததும் கடத்தும். கோபுரத்தையும் கம்பியையும் பிரித்து வைக்க வேண்டிய இன்சுலேட்டர் மீது மின்சாரம் ஊர்ந்து, ஒரு நொடியில் தீப்பொறியாகத் தாவும். லைன் டிரிப். நல்ல மழை பெய்தால் உப்பைக் கழுவிவிடும். ஆனால் நம் ஊரில் காற்று அடிக்கிற மாதங்களில்தான் மழை கிடையாது! உப்பு விளைகிற காலம், காற்றாலை ஓடுகிற காலம், பீங்கானில் உப்பு படிகிற காலம் மூன்றும் ஒன்றாக வருகிற ஊர் இது.

அதனால்தான் அழுக்கு மிகுந்த இடத்துக்கு ஒரு கிலோவோல்ட்டுக்கு 31 மில்லிமீட்டர் என்று இன்சுலேட்டரின் மேற்பரப்பு நீளத்தைக் கணக்கிடுவார்கள். சுத்தமான காற்றுள்ள இடத்துக்கு 16 போதும். 400 கிலோவோல்ட் தடத்துக்கு உச்ச அழுத்தம் 420. அதற்கு மடிப்பு மடிப்பாக 13 மீட்டர் நீளம் வேண்டும். தண்ணீரை ஒட்டவிடாத சிலிக்கோன் ரப்பர் இன்சுலேட்டரும் இருக்கிறது. வழி எல்லாம் இருக்கிறது ஐயா, டெண்டரில் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு டிரிப்தானே, மறுநொடியே மின்சாரம் திரும்பிவிடுமே என்பீர்கள். வீட்டில் மின்விசிறி மறுபடி சுற்றும். ஆலையில் அப்படி இல்லை. மின்சாரம் தடுமாறினால், தண்ணீரைப் பிரிக்கும் எந்திரத்துக்கு நேர்மின்சாரம் தருகிற ரெக்டிஃபையர் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். காரவகை எந்திரமாக இருந்தால், மின்சாரம் மிகவும் குறைந்து ஓடும்போது ஹைட்ரஜன் ஆக்சிஜன் பக்கம் கலக்க ஆரம்பிக்கும். அந்தக் கலவை ஆபத்து, ஆகவே நிறுத்தியே ஆகவேண்டும். மறுபடி ஓட்டி நிலைக்குக் கொண்டுவர நேரமாகும். அத்தனையும் ஒரு பீங்கானின் மேல் படிந்த உப்பால்.

இதைவிடப் பெரிய விலையும் உண்டு. 2018 நவம்பர் 8, கலிபோர்னியா. ஏறக்குறைய நூறு வயதான ஒரு மின்தடத்தில், பீங்கானைத் தாங்கிய இரும்புக் கொக்கி ஒன்று தேய்ந்து தேய்ந்து அன்று காலை அறுந்தது. கம்பி கோபுரத்தில் உரசி, பொறி கீழே காய்ந்த புல்லில் விழுந்தது. பாரடைஸ் என்ற ஊரே எரிந்து போனது. 85 பேர் மாண்டார்கள். பிஜி&இ என்ற, அந்தத் தடத்தை நடத்திய மின் நிறுவனம் 2020இல் நீதிமன்றத்தில் 84 மரணங்களுக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. கொக்கி தேய்வது ஒரு நாளில் நடப்பதில்லை. ஏறிப் பார்க்க ஆள் அனுப்பியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

ஏறிப் பார்ப்பது யார்? நம் ஊரில் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிதான். ஆயிரக்கணக்கான கோடித் திட்டத்தின் பாதுகாப்பு அவர் இடுப்புக் கயிற்றில் இருக்கிறது, அவர் சம்பளம் எவ்வளவு என்று இந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். லைன் வேலைக்கென்று தனிப் பாடத்தை நம் ஐ.டி.ஐ.யில் தொடங்கச் சொல்லுங்கள், உப்பளத்துப் பிள்ளைகளுக்கு முதல் இடம் கேளுங்கள். உப்பின் குணம் அறிந்த பிள்ளைகள் அவர்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டம் வரும்போது ஆட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். எத்தனை பேருக்கு வேலை என்று எல்லோரும் கேட்பார்கள், அதையும் கேளுங்கள். கூடவே, இந்தத் தடம் போகும் வழியில் உப்புப் படிவை எத்தனை மாதம் அளந்தீர்கள், அந்த அளவைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். இன்சுலேட்டரை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவீர்கள், அதற்கு நிதி ஒதுக்கியிருக்கிறீர்களா, கிளாம்பைக் கழற்றிப் பார்க்கும் கெடு என்ன என்று கேளுங்கள். வாயால் சொன்னால் விடாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.