அரளி என்றால் எந்த அரளி?

அரளி என்றதும் நமக்கு நினைவில் வருவது நெடுஞ்சாலைத் தடுப்பில் வரிசையாகப் பூத்து நிற்கும் செடி. கேரளத்திலும் பெயர் அதுதான். கர்நாடகத்திலோ 'அரளி மர' என்பது அரச மரம். சிங்களத்தில் 'அரலிய' என்பது விகாரைகளில் புத்தருக்குப் படைக்கும் மணமுள்ள வேறொரு பூ. தாவரவியலில் அது புளுமேரியா. நம் அகராதியில் அதற்கு ஈழத்தலரி என்ற பெயர் இருக்கிறது. போதாததற்கு மஞ்சள் அரளி என்று இன்னொன்றும் நம் வீட்டு வேலிகளிலேயே நிற்கிறது. நம் அரளியின் பேரினம் நீரியம், மஞ்சள் அரளியுடையது கேஸ்கபெலா. இரண்டிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு உண்டு. அதனால்தான் 2024 மே மாதம் கேரளத்தின் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம், நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்க்கக் கூடாதென்று முடிவெடுத்தது. இந்தச் செய்தியைக் கன்னடம் மட்டும் அறிந்தவர் காதால் கேட்டால் அவருக்கு அரச மரம்தான் நினைவுக்கு வரும். பெயர்க் குழப்பம் வெறும் சொல் விளையாட்டு அல்ல என்பதற்கு இது போதும்.

பூக்கடைப் பெயர்களும் இப்படித்தான். செண்டுமல்லி மல்லிகையும் அல்ல, மல்லிகைக்கு உறவும் அல்ல. மெக்சிகோவிலிருந்து வந்த மஞ்சள் பூ. அதையே ஆங்கிலத்தில் ஆப்பிரிக்க மேரிகோல்டு என்கிறார்கள், அங்கும் ஊர் தவறு. நாம் சம்பங்கி என்று மாலை கட்டுவதும் மெக்சிகோ நாட்டுக் கிழங்குச் செடிதான். தெலுங்கில் சம்பங்கி என்றால் செண்பக மரம்.

இந்தக் குழப்பத்துக்குத் தீர்வு அறிவியல் பெயர்தான். ஆனால் அது சாதாரண மக்கள் வாயில் நுழையாது என்பார்கள். போகன்வில்லா நுழைந்துவிட்டதே! புளுமேரியா அதைவிடக் கடினமா? இன்னொரு மறுப்பு கனமானது: அறிவியல் பெயரும்தான் மாறுகிறது. உண்மை. மஞ்சள் அரளி முன்பு தெவீஷியா. சம்பங்கி போலியாந்தஸ் என்றிருந்து இப்போது அகேவ் பேரினத்தில் சேர்ந்துவிட்டது. ஆனால் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இரட்டைப் பெயர் முறையை நிலைநிறுத்தியதிலிருந்து, பழைய பெயர் எது, புதிய பெயர் எது என்ற பதிவு தொடர்ந்து வருகிறது. பழைய பெயரைப் பிடித்துக்கொண்டே சரியான செடிக்குப் போய்ச் சேரலாம். ஊர்ப் பெயருக்கு அந்த வசதி கிடையாது. அதற்காக ஊர்ப் பெயரை விட்டுவிடச் சொல்லவில்லை. பத்துமணிப்பூ, அந்திமந்தாரை என்ற பெயர்கள் பூக்கும் பொழுதையே சொல்லிவிடுகின்றன. அவற்றின் லத்தீன் பெயர்களில் அந்த அழகு இல்லை. வேண்டியது இரண்டும்தான்.

பெயரை மட்டும் நம்பாமல் செடியையும் பாருங்கள். பூவின் நிறம் ஏமாற்றும், இலையும் காயும் அவ்வளவாக ஏமாற்றுவதில்லை. அரளியில் பெரும்பாலும் ஒரு கணுவுக்கு மூன்று இலைகள். காய் நீண்டு காய்ந்து வெடித்தால் பஞ்சு பறக்கும். மஞ்சள் அரளியில் இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும். காய் சதைப்பற்றோடு பட்டையாக இருக்கும். நாற்றுப்பண்ணை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்: தொட்டியில் செருகும் அட்டையில் ஊர்ப் பெயருக்குக் கீழே தாவரவியல் பெயரையும் தமிழ் எழுத்திலேயே எழுதி வையுங்கள். நஞ்சுள்ள செடியானால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.