இராப்பந்தியும் ஆற்று வெள்ளமும்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இளமைக்கால நினைவுகளைப் பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். எம் இளமை வீரகேரளம்புதூரிற் கழிந்தது. ஊற்றுமலை ஜமீனின் தலைநகராய் விளங்கிய ஊர் அது. காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த இருதாலய மருதப்பத் தேவரின் ஊர். சிறுவர்களாயிருந்த எமக்கோ அப்பெருமைகள் ஒன்றும் தெரியா. யாம் அறிந்தவை இரண்டே. ஒன்று, வெறுத்த இராப்பந்தி. மற்றொன்று, விரும்பிய சிற்றாறு.

எம்முடையது கூட்டுக் குடும்பம். விளக்கேற்றிய பின் சிறுவர் பதின்மூவரும் கூடத்தில் வரிசையாய் அமரவேண்டும். ஆச்சி பதின்மூன்று வட்டில்களை எண்ணி வைப்பார். பாகற்காயும், அகத்திக்கீரையும், சுண்டைவற்றற் குழம்பும் முறைவைத்து வரும். மிச்சம் வைத்தலாகாது, கடைசிப் பிள்ளை உண்டு முடிக்கும்வரை எவரும் எழலாகாது. எதிரே அமர்ந்திருக்கும் பெரியப்பா, மழையென்றும் மடையென்றும் பேசத் தொடங்கினால் முடிவே இராது. "மலை கறுத்தால் ஆற்றில் இறங்காதீர்கள்" என்பது அவர் நாள்தோறும் சொல்லும் வாசகம். அதனைப் பாகற்காயைப் போலவே யாம் மெல்லாமல் விழுங்கினோம்.

பகலெல்லாம் ஆறுதான். கரையிலிருந்த மருதமரத்தில் ஏறி, கசம் என்று ஊரார் சொல்லும் ஆழமான மடுவிற் குதிப்போம். எவன் உயர்ந்த கிளையிலிருந்து குதிக்கிறானோ அவனே அன்றைய ராஜா.

ஓர் ஆனி மாதத்து மாலை. ஊரில் நல்ல வெயில். மேற்கே மலை மட்டும் கறுத்திருந்தது. சிற்றாறு குற்றால மலையிற் பிறந்து, தென்காசி வழியாய் எம்மூருக்கு வந்து, பின்னர்ச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலப்பது. மலையிற் பெய்த மழை, தூறலும் காணாத ஊரில் வெள்ளமாய் வந்து நிற்கும். அன்று தெளிந்த நீர் செந்நிறமாயிற்று. சருகும் நுரையும் மிதந்து வந்தன. யாம் கரையேறினோம். பெரியப்பாவின் இளைய மகன் மட்டும் நடுவாற்றுப் பாறையில் அகப்பட்டுக்கொண்டான்.

யாம் செய்ததைச் சொல்ல இன்றும் நாணுகிறோம். அடிக்கு அஞ்சி, ஒருவரும் வாய் திறப்பதில்லையென்று சத்தியம் செய்துகொண்டு வீடு திரும்பினோம். நீர் வடிந்ததும் அவன் தானே வந்துவிடுவான் என்று எம்மை யாமே தேற்றிக்கொண்டோம்.

இரவு பந்தி கூடிற்று. ஆச்சி வரிசையை நோக்கி, "எலே, ஒரு வட்டில் சும்மா கிடக்கே, யாருது?" என்றார். எல்லோரும் தலை கவிழ்ந்தோம். கடைக்குட்டித் தங்கை, "அண்ணன் பாறையிலே இருக்கான்" என்று அழுதாள். மறுகணம் ஆடவர்கள் கயிறும் அரிக்கேன் விளக்குமாய் ஓடினர். வெள்ளம் அவன் முழங்கால்வரை ஏறியிருந்ததாம்.

நள்ளிரவில் அவனைக் கொணர்ந்தனர். ஆச்சி அடிக்கவில்லை. அவன் வட்டிலில் சோறும் பாகற்காயும் இட்டார். பசியோடு காத்திருந்த எமக்கும் இட்டார். அன்று எவரும் முகஞ்சுளிக்கவில்லை. பெரியப்பா, நீரின் நிறமும் சருகும் நுரையும் என்ன சொல்லுகின்றன என்பதை மறுபடியும் விளக்கினார். அன்றுதான் யாம் செவிகொடுத்தோம்.

அன்பர்களே! 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து, 17 வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டான். அச்செய்தியைக் கேட்டபோது அந்த வெறும் வட்டிலே எம் கண்முன் நின்றது. அன்று ஆச்சி எண்ணியிராவிடின் எம் வீட்டிலும் ஒரு பிள்ளை குறைந்திருக்கும்.

இன்று நம் இல்லங்களில் ஒவ்வொருவரும் வெவ்வேறு வேளையில், வெவ்வேறு அறையில் உண்கிறோம். பிள்ளைகளுக்குப் பிடித்ததையே சமைக்கிறோம். ஆற்றுப்பக்கம் போகவும் விடுவதில்லை. ஆயினும் விடுமுறையில் அவர்கள் அருவிக்குச் செல்வர். நீரின் குறி ஒன்றும் அறியாமலே இறங்குவர். பிள்ளைகளின் விளையாட்டைத் தடுக்குமாறு யாம் வேண்டவில்லை. நாளொன்றுக்கு ஒருவேளையேனும் எல்லோரும் ஒருங்கே அமருங்கள். பாகற்காய் இருப்பினும் இல்லாவிடினும், தலைகளை எண்ணுங்கள். மலையையும் ஆற்றையும் பற்றிச் சொல்லுங்கள். கேளாததுபோலவே பிள்ளைகள் இருப்பர்; அதனால் சொல்லாது விடாதீர்கள்.