மலைத்தோட்டத்து மாதரும் நம் மனைப் பெண்டிரும்
(கிளியூரில் கூடிய நம் சங்கத்தாரிடைப் பேசியது)



பெண்டிர்க்குப் பிறப்பு முதல் இறுதிகாறும், மனையிலும் தொழிலிலும், நேரும் ஓரவஞ்சனையைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். இதற்குச் சான்று தேடிப் பிறநாடு செல்ல வேண்டுவதில்லை. இவ்வூர் அருவிக்குச் செல்லும் வழியெல்லாம் காப்பித் தோட்டங்கள். கார்த்திகை முதல் தை வரை பழம் பறிக்கும் நாளில் அங்கே சிறிது நேரம் நின்று நோக்குவோர்க்கு யாம் கூறப்புகுவது தானே விளங்கும்.

பழம் பறிப்போர் பெரும்பாலும் பெண்டிரே. கவாத்துச் செய்தல், குழி வெட்டுதல், சில்வர் ஓக் மரத்தில் ஏணி சார்த்தி மிளகு பறித்தல் ஆகியன ஆடவர்க்குரியன என வகுத்துள்ளனர். மாலையில் மூட்டையை நிறுத்துக் கணக்கெழுதுவோரும், மேஸ்திரியும் பெரும்பாலும் ஆடவரே. பறிப்பு எளிய வேலை என்பது பலர் கூற்று. எளிதோ? ஒரு செடியிலுள்ள பழமெல்லாம் ஒருங்கே பழுப்பதில்லை; ஆகலின் அதே செடிக்குப் பன்முறை வருதல் வேண்டும். காயை விடுத்துப் பழத்தை மட்டும் கொய்தல் வேண்டும். கிளை முறிதல் கூடாது. பனியில் நனைந்த செடிகளிடையே, இடுப்பிற் கூடையுடன், சரிவில் நாள் முழுதும் நிற்றல் வேண்டும். நாம் பருகும் காப்பியின் சுவை அக்கைகளின் தேர்ச்சியைப் பொறுத்தது. எனினும் ஆடவன் கையில் தொழிற்றிறன் எனப்படுவது, பெண்ணின் கையில் வெறும் பழக்கம் எனப்படுகின்றது.

சட்டம் வாளாவிருந்ததா எனின், இல்லை. முன்னாளில் தோட்டங்களில் ஆணுக்கொரு கூலியும் பெண்ணுக்கு அதனிற் குறைந்த கூலியும் வெளிப்படையாகவே விதித்திருந்தனர். 1975ஆம் ஆண்டின் சம ஊதிய அவசரச் சட்டமும், அதனைத் தொடர்ந்த 1976ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வேறுபாட்டை விலக்கின. ஆயினும் ஒத்த வேலைக்கு ஒத்த கூலி என்னும் விதி, வேலையையே ஆண் வேலை, பெண் வேலை என இருகூறாக்கிவிட்ட இடத்தில் எங்ஙனம் முழுப்பயன் தரும்? கூலியேட்டிற் குற்றம் காண இயலாது. குற்றம் அவ்வேடு எழுதப்படுவதற்கு முன்னரே நிகழ்ந்துவிடுகின்றது.

இன்னொன்று கேளுங்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நல்ல சட்டமே. ஐம்பது பெண்டிர்க்குக் குறையாது வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது. ஆயின் அச்சட்டம் குடும்பம் என்னும் சொல்லுக்குக் கூறிய பொருளைப் பாருங்கள். ஆண் தொழிலாளியை அண்டி வாழும் அவன் பெற்றோர் அவன் குடும்பத்தினர். பெண் தொழிலாளியை அண்டி வாழும் பெற்றோரோ அவள் குடும்பத்தினர் அல்லர்! இவ்வேறுபாடு 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தினாற்றான் நீங்கிற்று. இலக்கணம் பயிற்றும் எமக்குச் சொற்பொருளில் நேர்ந்த பிழை எளிதிற் கண்ணிற் படும். ஆனால் இப்பிழையால் வாடியவர்கள் மகள் ஈட்டிய கூலியிற் பசியாறிய முதியோர்.

2015ஆம் ஆண்டு செப்டம்பரில் மூணாற்றில் நிகழ்ந்ததை அறிவீர்கள். அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போர் மிகப் பலர் நம் தமிழ்ப் பெண்டிரே. நாட்கூலி 232 ரூபாய். போனஸையும் 20 விழுக்காட்டினின்று 10 விழுக்காடாகக் குறைத்தனர். ஆயிரக்கணக்கான பெண்டிர் வேலையை நிறுத்திச் சாலையில் அமர்ந்தனர். நிருவாகத்தாரை மட்டுமன்று, தம் பெயராற் பேசிவந்த ஆடவத் தொழிற்சங்கத் தலைவர்களையும் விலகி நிற்கச் சொன்னார்கள். பெம்பிளை ஒருமை என்று தம் கூட்டத்திற்குப் பெயரிட்டனர். ஒன்பது நாளில் 20 விழுக்காடு மீண்டது. பறிப்பவர் பெண்டிராயிருக்க, அவர்க்காக வழக்குரைப்போர் அனைவரும் ஏன் ஆடவராயினர் என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. அக்கேள்வி நம் சங்கத்தையும் சாரும், பின்னர்க் கூறுவோம்.

மகளை இரண்டாவதாக எண்ணும் எண்ணம் தோட்டத்தில் முளைத்ததன்று, வீட்டில் முளைத்தது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கும் பொருட்டுத் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் தமிழக அரசு முதற்கண் தொடங்கியது நம் சேலம் மாவட்டத்திலேயாம். 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், இம்மாவட்டத்தில் ஆறாண்டு வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரவர்க்குப் பெண் குழந்தைகள் 851 பேரே. அதன்பின் நிலை சற்றுத் திருந்தியது. எனினும் அவ்வெண் நமக்கு நாணம் தருவதே.

உயிர் பிழைத்து வளர்ந்தவளுக்கு உடைமையேனும் உண்டோ? 1989இல் தமிழ்நாடு செய்த திருத்தம், அந்நாளில் மணமாகாதிருந்த மகளிர்க்குப் பூர்விகச் சொத்தில் மகனோடொத்த பங்கு தந்தது; 2005இல் நாடு முழுதும் மகளிர்க்கு அவ்வுரிமை வந்தது. நம்மவர் செய்வது என்ன? தங்கைக்குச் சீர் செய்து, விருந்திட்டு, மறுநாளே பதிவு அலுவலகம் அழைத்துச் சென்று விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குகின்றனர். பாசத்தினால் இட்டாள் என்பர். பிறந்தகத்து வாயில் அடைபடுமோ என்னும் அச்சத்தால் இட்டவர் பலர் என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். இங்கே சிலர் தலையசைப்பதையும் காண்கின்றோம்.

இம்மலைக்கு வடக்கே தகடூரை ஆண்ட அதியமான், தொண்டைமானிடம் தூது போக்கியது ஔவையாரை. போரை விலக்கும் பேச்சை ஒரு பெண்ணிடம் ஒப்படைத்த நிலம் இது. நம் சங்கத்தின் நிருவாகக் குழுவிலோ இன்றுவரை ஒரு பெண்ணும் இல்லை.

உறுப்பினர் பேரேட்டை அண்மையிற் புரட்டிப் பார்த்தோம். கணவனை இழந்த அம்மையார் ஒருவர் தோட்டவேலை செய்து மூன்று மக்களைப் படிக்க வைக்கின்றார். ஆண்டுச் சந்தாவும் தவறாது செலுத்துகின்றார். பேரேட்டில் அவ்வீட்டின் தலைவர் எனக் குறித்திருப்பது அவருடைய பன்னிரண்டு வயது மகனை! அச்சிறுவன் எம் வகுப்பு மாணாக்கன். இவ்வாறு எழுதப்பட்ட வீடுகள் இன்னும் சில உள. வரும் மாதப் பொதுக்கூட்டத்தில், சந்தா செலுத்தும் பெண்டிரைத் தம் பெயராலேயே உறுப்பினராக எழுதிக்கொள்ளவும், குழுவில் இருவர்க்கேனும் இடந்தரவும் தீர்மானம் கொணர்வோம். வழிமொழிய விரும்புவோர், கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் தம் பெயரைக் கொடுத்துச் செல்லுமாறு வேண்டுகின்றோம்.