சண்டை முடிந்தபின் கோட்டைக்கு என்ன வேலை?



யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தர் கோட்டை என்றுதான் நம் வீடுகளில் சொல்வோம். ஆனால் அங்கே மதில் எழும் முன்பே பிரான்சிஸ்கன் துறவிகளின் மாதா கோவில் ஒன்று இருந்தது. 1619இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்திய போர்த்துக்கீசத் தளபதி பிலிப் தெ ஒலிவேரா, ஆட்சியை நல்லூரிலிருந்து இந்தக் கடலோரத்துக்கு மாற்றினான். எழுப்பிய கோட்டைக்கும் அற்புத மாதாவின் பெயரையே வைத்தார்கள். செபமும் பீரங்கியும் ஒரே வளவுக்குள் குடியிருந்தன.

1658இல் வான் கூன்ஸ் தலைமையில் ஒல்லாந்தர் வந்து வளைத்தார்கள். மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகை. உள்ளே பசியும் நோயும். ஜூன் மாதம் போர்த்துக்கீசப் பறங்கியர் சரணடைந்தார்கள். மாதா சிலை கோவாவுக்குப் போனது. கோட்டை மட்டும் எங்கே போகும்? வென்றவனுக்கு வேலை செய்யத் தொடங்கியது.

ஒல்லாந்தர் பழைய சதுரக் கோட்டையைக் கழித்துவிட்டு ஐந்து கோணத்தில் புதிதாகக் கட்டினார்கள். ஐந்து கொத்தளங்களுக்கும் தங்கள் நாட்டு மாகாணங்களின் பெயர்: சீலாந்து, ஹொலாந்து, உத்ரெக்ட், இப்படி. 1706இல் உள்ளே சிலுவை வடிவில் தங்களுக்கொரு தேவாலயம். அதில் தொங்கிய மணியில் 1648 என்ற ஆண்டும் அற்புத மாதாவின் பெயரும் இருந்தன. கத்தோலிக்கத்தை ஒடுக்கிய ஒல்லாந்தர், மாதாவின் மணியை அடித்துத்தான் தங்கள் சபையைக் கூட்டினார்கள். நல்ல வெண்கலத்தை யார் வீசுவார்?

வெளி அரண் வேலை 1792 வரை இழுத்தது. முடிந்து மூன்றே வருடத்தில் ஆங்கிலேயர் வந்தார்கள். ஒரு வெடிகூட வெடிக்காமல் சாவி கைமாறியது. அதன்பிறகு கோட்டை சோம்பலாகிவிட்டது: சிறைச்சாலை, அதிகாரிகளின் பங்களாக்கள். 1905இல் லண்டனிலிருந்து வந்த இளம் சிவில் உத்தியோகத்தர் லெனாட் வுல்ஃப் குடியேறியதும் அந்த மதிலோரத்துப் பங்களா ஒன்றில்தான். பிற்காலத்தில் வர்ஜீனியா வுல்ஃபின் கணவரானவர். வோல்தேரின் 90 தொகுதிகளையும் ஒரு நாயையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்தப் புத்தகப் பெட்டிகளைத் தூக்கிய கூலியாட்கள் என்ன நினைத்தார்களோ!

ஒல்லாந்தர் எதிர்பார்த்துக் கட்டிய சண்டை, அவர்கள் போய் இருநூறு வருடம் ஆகப்போகும்போதுதான் வந்தது. அதுவும் கடல் பக்கமிருந்து அல்ல, ஊர்ப் பக்கமிருந்து. எண்பதுகளில் இலங்கை இராணுவம் உள்ளே அடைபட்டுக் கிடந்தது. உள்ளிருந்து வந்த ஷெல் எங்கே விழுந்தது என்று பெரியகடையிலும் குருநகரிலும் இருந்தவர்களைக் கேட்டால் இன்றைக்கும் இடம் சொல்லுவார்கள். 1990 ஜூன் முதல் விடுதலைப் புலிகளின் முற்றுகை. செப்டம்பர் 26இல் இராணுவம் வெளியேறியது. அதற்குள் 1706ஆம் ஆண்டுத் தேவாலயம் முருகைக்கல் குவியலாகியிருந்தது. பிறகு புலிகளே கோட்டையின் பகுதிகளை இடித்தார்கள். திரும்பவும் எதிரி வந்து உட்காரக்கூடாது என்பது போர்க்களத்து நியாயம். 1995 டிசம்பரில் எதிரி வந்து உட்கார்ந்தான்.

போர் முடிந்தபின் நெதர்லாந்து அரசின் உதவியோடு தொல்லியல் திணைக்களம் மதில்களைத் திருத்தி எடுத்தது. கடலில் புதிதாக முருகைக்கல் தோண்டத் தடை இருக்கிறது. விழுந்த கல்லைப் பொறுக்கித்தான் பழைய சுவருக்குப் பொருத்த வேண்டும். அந்தக் கல்லைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பவளப் பூச்சிகளின் சின்னச் சின்ன வீடுகள் அப்படியே தெரியும். ஷெல் பட்ட கல் எது, உப்புக்காற்று தின்ற கல் எது என்று எல்லா இடத்திலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மதில் எழும்பிவிட்டது. தேவாலயம் எழும்பவில்லை. அதையும் பழையபடி கட்டவேண்டும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் டெக்சஸ் அலமோவைக் காட்டுவேன். 1718இல் தொடங்கிய ஸ்பானிய மிஷன், பின்னாளில் அரணாக்கப்பட்டது. 1836 மார்ச் 6ஆம் தேதி, உள்ளிருந்த டெக்சஸ் கிளர்ச்சிக்காரருக்கும் மெக்சிகோப் படைக்கும் அங்கே பெரும் சண்டை. சில வாரங்களில் மெக்சிகோப் படை மதிலை இடித்துவிட்டுத் திரும்பியது. 1850 வாக்கில் அமெரிக்க இராணுவம் தன் சாமான் கிடங்குக்காகக் கோவிலுக்குக் கூரை போட்டபோது, முகப்பின் மேல் வளைந்த ஒரு நெற்றியையும் வைத்தது. இன்றைக்கு உலகம் முழுவதும் அலமோ என்றால் மனக்கண்ணில் வருவது அந்த நெற்றிதான். உள்ளே செத்தவர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை.

இங்கே லண்டனிலேயே வேறு வழியும் இருக்கிறது. செயின்ட் பால்ஸ் பேராலயத்துக்குப் பக்கத்தில் கிறைஸ்ட் சேர்ச் கிரேஃபிரையர்ஸ். அதே பிரான்சிஸ்கன் சபையின் பழைய மடத்து நிலம். மடத்தை எட்டாம் ஹென்றி மூடினான், கோவிலை 1666 தீ தின்றது, கிறிஸ்டோபர் ரென் மறுபடி கட்டினார். 1940 டிசம்பர் 29 இரவு ஜெர்மன் குண்டுவீச்சில் கூரை போனது. திரும்பக் கட்டவில்லை. 1970களில் வீதியை அகலமாக்க ஒரு சுவரைக்கூட இடித்தார்கள். அது அநியாயம் என்பது என் கட்சி. பிறகு தூண்கள் நின்ற இடங்களில் மரச்சட்டம் நட்டு, கொடி ஏற்றி, உள்ளே ரோஜாத் தோட்டம் வைத்தார்கள். மதியச் சாப்பாட்டை அங்கே கொண்டுபோய்ச் சாப்பிடுகிறவர்களுக்கு எந்தத் தூண் எங்கே நின்றதென்று யாரும் சொல்லத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்துத் தேவாலயத்துக்கும் இதுதான் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. இனிக் கரையாதபடி குவியலைக் காப்பாற்றட்டும், முளைக்கிற ஆலங்கன்றுகளைப் பிடுங்கட்டும், அடித்தளத்தின் சிலுவைக் கோட்டைத் துலக்கிக் காட்டட்டும். ஒரு பலகை வைக்கட்டும். அதில் 1706ஐ எழுதுகிற அதே அளவு எழுத்தில் 1990ஐயும் எழுதட்டும், உள்ளே இருந்தது யார், வெளியே இருந்தது யார் என்பதோடு, மூன்று மொழியிலும்.