அடிவானம் மறைந்தபின்

(பத்தாம் ஆண்டு விழா அரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



செலுத்துவோன் இல்லாமலே விண்ணில் செல்லும் ஊர்தியைப் புறநானூறு பேசியிருக்கிறது. புகழோடு வாழ்ந்தோர் ஏறும் அந்த ஊர்திக்கு வழி தவறும் அச்சம் இல்லை. மனிதன் கட்டிய ஊர்தியின் நிலை வேறு. அதற்குச் செலுத்துவோன் வேண்டும். அவனுக்குக் கண் வேண்டும். கண்ணுக்கோ அடிவானம் வேண்டும். மண்ணும் விண்ணும் சேரும் அந்த ஒற்றைக் கோட்டை முகிலோ இருளோ மூடிவிட்டால் விமானி எதைப் பற்றிக்கொள்வது? இவ்வுரையின் பொருள் இந்த வினாதான்.

பறவையைப் போல் உணர்ந்து பறப்பவனே சிறந்த விமானி என்று தொடக்க காலத்தவர் நம்பினர். இருக்கையில் உடல் அழுந்தும் விதம், கம்பிகளில் காற்று எழுப்பும் ஓசை, முகத்தில் மோதும் காற்றின் போக்கு ஆகியவையே அவர்களுக்கு வழிகாட்டிகள். தெளிந்த வானில் அந்த உள்ளுணர்வு பழுதின்றித் துணைநின்றது. முகிலுக்குள்ளோ அதுவே அவர்களைக் கொன்றது.

இதற்குக் காரணம் செவிக்குள் இருக்கிறது. உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்பினால் அவற்றினுள் இருக்கும் நீர்மம் பின்தங்கி, நுண்மயிர்களை வளைத்து, ‘திரும்புகிறாய்’ என்று மூளைக்குச் சொல்கிறது. ஆனால் திருப்பம் ஒரே சீராக நீடித்தால் சிறிது நேரத்தில் நீர்மமும் குழலின் வேகத்தை எட்டிவிடும். அப்போது செய்தி நின்றுவிடும். சுழல்பவன் நேராகச் செல்வதாகவே உணர்வான். சுழற்சியை நிறுத்தினாலோ, நீர்மம் தொடர்ந்து ஓடுவதால், எதிர்ப்புறம் சுழல்வதாக உணர்வான். திருவிழா ராட்டினத்தில் கண்ணை மூடி அமர்ந்த சிறுவரும் அறிந்த மயக்கம் இது.

1926ஆம் ஆண்டில் வில்லியம் ஆக்கர் என்னும் அமெரிக்கப் படை விமானியைச் சுழல்நாற்காலி ஒன்றில் கண்களை மறைத்து அமர்த்தி ஒரு மருத்துவர் சோதித்தார். எப்பக்கம் சுழல்கிறோம் என்பதைப் பட்டறிவு மிக்க அந்த விமானியால் சரியாகச் சொல்ல இயலவில்லை. அவர் அத்தோல்வியோடு நின்றுவிடவில்லை. சிறு பெட்டிக்குள் திருப்பங்காட்டும் கருவியையும் ஒரு விளக்கையும் பொருத்தினார். மீண்டும் நாற்காலியில் அமர்ந்து, உடல் சொன்னதைத் தள்ளிவிட்டுக் கருவி சொன்னதை மட்டும் கூறினார். ஒவ்வொரு விடையும் சரியாக அமைந்தது. பின்னர் கார்ல் கிரேன் என்பவருடன் சேர்ந்து, குருட்டுப் பறப்பின் கொள்கையையும் செயலையும் விளக்கும் நூலை அவர் 1932இல் வெளியிட்டார்.

இதற்கிடையே 1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க்கை அடுத்த லாங் தீவின் மிட்செல் களத்தில் ஜேம்ஸ் டூலிட்டில் ஒரு விமானத்தின் பின்னிருக்கையில் அமர்ந்தார். அவருடைய இருக்கையைத் திரையொன்று முழுவதும் மூடியது. முன்னிருக்கையில் இருந்த பென் கெல்சி, ஆபத்து நேர்ந்தால் மட்டுமே தலையிட வேண்டியவர். வெளியே எதையும் காணாமலே டூலிட்டில் மேலெழுந்தார், சுற்றி வந்தார், தரையிறங்கினார். சுமார் 15 நிமிடம் நீடித்த அப்பறப்பே கருவிகளை மட்டும் நம்பித் தொடங்கி முடிந்த முதல் விமானப் பயணம். ஸ்பெரி நிறுவனத்தின் செயற்கை அடிவானமும் திசைச் சுழலியும், பால் கோல்ஸ்மன் ஆக்கிய நுட்பமான உயரமானியும், தரையிலிருந்து வந்த வானொலிக் குறிகளும் அவருக்குத் துணைநின்றன.

செயற்கை அடிவானத்தின் தத்துவம் நம் தெருப் பிள்ளைகள் அறிந்ததே. விரைந்து சுழலும் பம்பரம் தன் அச்சை எளிதில் விட்டுக்கொடாது. விமானம் எப்பக்கம் சாய்ந்தாலும் கருவிக்குள் சுழலும் பம்பரம் நிமிர்ந்தே நிற்கிறது. அதனோடு இணைந்த கோடு, மறைந்துபோன அடிவானத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் மீட்டுத் தருகிறது. இதனுடன் வேகமானி, உயரமானி, திருப்பங்காட்டி, திசைகாட்டி, ஏற்ற இறக்கமானி என ஆறு முகங்கள் விமானியின் எதிரே உள்ளன. அவன் எதனிடத்தும் நெடுநேரம் தங்கலாகாது. ஆறையும் மாறிமாறிப் பார்த்து, ஒன்றன் சொல்லை மற்றொன்றின் சொல்லோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏனெனில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குறை உண்டு. உயரமானி உண்மையில் அளப்பது காற்றின் அழுத்தத்தை. அவ்விடத்து அழுத்தத்தைக் கேட்டுக் கருவியைத் திருத்தாவிட்டால், ஒவ்வொரு ஹெக்டோபாஸ்கலுக்கும் ஏறக்குறைய 30 அடி பிழை நேரும். அழுத்தம் குறைந்த பகுதிக்குள் திருத்தாமல் நுழைந்தவன், தான் இருப்பதைவிட உயரத்தில் இருப்பதாக நம்பி மலையில் மோதலாம். காந்த ஊசி காட்டுவது காந்த வடக்கை. மெய்வடக்குக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு ஊருக்கு ஊர் மாறும். திசைச் சுழலியோ மெல்ல விலகிச் செல்லும். அதை அவ்வப்போது காந்த ஊசியோடு பொருத்திக்கொள்ள வேண்டும். திசையில் ஒரு பாகை தவறினால் 60 கடல்மைல் சென்றபின் ஒரு கடல்மைல் விலகியிருப்போம் என்பது விமானிகளின் பழங்கணக்கு.

முகிலுக்குள் வழி சொன்ன முதல் வானொலி நெறி கவிஞர்களின் செவிக்கு இனிக்கும். மோர்ஸ் குறியில் ஏ என்பது குறிலும் நெடிலும். என் என்பது நெடிலும் குறிலும். ஒரு நிலையம் இவ்விரண்டையும் வெவ்வேறு பக்கங்களில் பரப்பியது. பாதையின் ஒருபுறம் விலகியவனுக்கு ஏ கேட்டது. மறுபுறம் விலகியவனுக்கு என் கேட்டது. சரியான பாதையில் இருந்தவனுக்கு ஒன்றன் இடைவெளியை மற்றொன்று நிரப்ப, அறுபடாத ஒரே ஒலி கேட்டது. அந்த ஒலியைப் பற்றிக்கொண்டே இரவையும் பனியையும் விமானிகள் கடந்தனர். பின்னர் 360 பாகைக்கும் தனித்தனிக் கதிர் காட்டும் நிலையங்கள் வந்தன. இன்று செயற்கைக்கோள்கள் வழிகாட்டுகின்றன.

கருவிப் பறப்பு தனித்த திறமையன்று. அது ஓர் ஒழுங்கு. செல்லும் வழியையும் உயரத்தையும் முன்னரே எழுதிக் கொடுத்து விமானி அனுமதி பெறுகிறான். பெற்ற அனுமதியைச் சொல்லுக்குச் சொல் திருப்பிக் கூறுகிறான். பொதுவாகக் கிழக்கு நோக்கிச் செல்வோருக்கு ஒற்றைப்படை ஆயிரங்களும், மேற்கு நோக்கிச் செல்வோருக்கு இரட்டைப்படை ஆயிரங்களும் உயரமாக ஒதுக்கப்படுகின்றன. இறங்கும்போது ஒரு கற்றை ஓடுபாதையின் நடுக்கோட்டையும், மற்றொன்று ஏறக்குறைய மூன்று பாகைச் சரிவையும் காட்டுகின்றன. அடிப்படை முறையில் தரைக்கு மேல் 200 அடி வரை வரலாம். அதற்குள் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணில் படாவிட்டால், இன்னும் சிறிது இறங்கிப் பார்ப்போம் என்னும் ஆசைக்கு இடமில்லை. மீண்டும் மேலேறத்தான் வேண்டும்.

இவ்வொழுங்கைக் கல்லாதவன் முகிலுக்குள் எத்தனை நேரம் தாக்குப்பிடிப்பான்? 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் கருவிப் பயிற்சியற்ற 20 பேரைக் கொண்டு, முகிலுக்குள் நுழைந்தது போன்ற நிலையை உண்டாக்கிச் சோதித்தனர். இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 விநாடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை. பெரும்பாலும் நிகழ்ந்தது இதுதான்: இறக்கை ஒன்று செவி உணராத மெதுவில் சாய்கிறது; விமானம் திரும்பிக்கொண்டே கீழிறங்குகிறது. நேராகச் செல்வதாக நம்பும் விமானி, உயரத்தை மீட்கக் கோலைப் பின்னுக்கு இழுக்கிறான். சாய்வைத் திருத்தாமல் இழுக்க இழுக்கச் சுழற்சி இறுகுகிறது. அவன் செய்யும் முயற்சியே அவனைக் கீழே கொண்டுசெல்கிறது.

அப்படியாயின் கருவியைக் கண்மூடி நம்பிவிட்டால் போதுமா? 1978 ஜனவரி 1 இரவு பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் ‘பேரரசர் அசோகர்’ என்னும் போயிங் 747 இதற்கு விடை கூறுகிறது. கரையைத் தாண்டியதும் எதிரே இருண்ட அரபிக்கடல், அடிவானம் இல்லை. தலைமை விமானியின் முன்னிருந்த சாய்வுகாட்டி பழுதுற்று, விமானம் வலப்புறம் சாய்ந்திருப்பதாகத் தவறாகக் காட்டியது. அதைத் திருத்த எண்ணி அவர் இடப்புறம் சாய்த்துக்கொண்டே போனார். அருகே ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மாற்றுக் கருவி இருந்தது. ஒப்பிட்டு உணரும் அவகாசந்தான் கைகூடவில்லை. புறப்பட்ட சில நிமிடங்களுக்குள் விமானம் கடலில் வீழ்ந்தது. 213 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ஆக்கரின் நாற்காலி சொன்ன பாடத்தையும் அரபிக்கடல் சொன்ன பாடத்தையும் ஒன்றாக வைத்தே கருவிப் பறப்பைக் கற்பிக்கின்றனர். உடலை நம்பாதே என்பது முதற்பாடம். ஒற்றைச் சான்றை நம்பாதே என்பது இரண்டாம் பாடம். முதலாவதைக் கற்கப் பணிவு வேண்டும். இரண்டாவதைக் கற்க அச்சத்திலும் கலையாத மனம் வேண்டும்.

உள்ளுணர்வைப் போற்றும் அவை இது, போற்றுவது தகும். ஆயினும் இதே நேரத்தில் உலகின் ஏதோ ஓரிடத்தில் முகிலுக்குள் ஒரு விமானம் செல்கிறது. உள்ளே பயணிகள் உறங்குகின்றனர். முன்னறையில் அமர்ந்திருப்பவனின் உடல் முழுவதும் ‘சாய்கிறோம், சாய்கிறோம்’ என்கிறது. கண்ணெதிரே ஆறு கருவிகளும் ஒரே குரலில் ‘இல்லை’ என்கின்றன. அவன் கையை அசைக்காமல் வைத்திருக்கிறான். உறங்குவோர் ஊர் சேர்வது அந்த அசையாத கையால்.