நிறுவையில் இருக்கிறது ஊக்கம்

(தோட்ட உத்தியோகத்தர்களும் தொழிலாளர் குடும்பங்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



தொழிலாளர்களுக்கு வேலையில் ஊக்கம் உண்டாக்குவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். ஊக்கம் என்றவுடன் பரிசு, பாராட்டுப் பத்திரம், விளையாட்டுப் போட்டி என்றுதான் நினைப்போம். அதெல்லாம் நல்லதுதான். நாங்கள் தராசைப் பற்றிப் பேசப் போகிறோம்.

காலையில் பெரட்டுக்கு வந்து, மழையிலும் அட்டைக்கடியிலும் நாள் முழுக்க மலையில் நின்ற ஒரு தாய், பின்னேரம் கொழுந்து நிறுக்க வருகிறார். சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கிலோவைக் கழிக்கிறார்கள். என்ன கணக்கில் கழித்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. கேட்ட கிலோவுக்கு ஒன்றிரண்டு குறைந்தால் அரைப்பேர். பாதிச் சம்பளம் போச்சு. மறுநாள் அவருக்குக் கை எப்படி ஓடும்?

கழிவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சாக்குக்கும் நிறை உண்டு, மழைக்கொழுந்தில் தண்ணியும் உண்டு. வெறுஞ்சாக்கை அவர் கண்முன்னாலேயே நிறுத்துக் காட்டுங்க. தராசின் முகத்தை அவர் பக்கம் திருப்பி வையுங்க. கிலோவைச் சத்தமாகச் சொல்லி, துண்டில் எழுதிக் கொடுங்க. இதற்குத் தோட்டத்துக்குப் பெரிய செலவு ஒன்றும் வராது.

அடுத்தது, வருடம் முழுக்க ஒரே கிலோ கேட்பது. சித்திரை, வைகாசியில் கொழுந்து பொங்கி வரும். ஊவாப் பக்கம் ஆடிக் காற்றடித்தால் கொழுந்து சுருங்கிப் போகும். கவ்வாத்து வெட்டி எழும்பிய மலை ஒரு மாதிரி, கிழட்டு மலை வேறு மாதிரி. இல்லாத கொழுந்தைக் கேட்டால் வங்கியும் முத்தின இலையும்தான் கூடையில் விழும். அப்புறம் தூள் சரியில்லை என்று மலையில் ஏச்சு. யார் குற்றம்?

காசு வேண்டாமா என்பீர்கள். வேணும். 2016 கூட்டு ஒப்பந்தத்தில் வரவுக்கு 60 ரூபாயும், கூடுதல் உற்பத்திக்கு 140 ரூபாயும் இருந்தன. 2019 இல் அடிப்படைச் சம்பளம் 700 ஆனபோது அந்த இரண்டும் எடுபட்டன. 2021 இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1000 ரூபாய் ஆக்கியது. பல தோட்டங்களில் கேட்கும் கிலோவும் கூடவே ஏறியது. சம்பளம் கூடியும் வீட்டுக்கு வந்தது கூடவில்லை என்று தாய்மார் சொன்னது சும்மா இல்லை.

இன்னொன்று. பேரப்பிள்ளை கண்ட தாயை ‘ஏய்’ என்று கூப்பிடுகிற இளம் உத்தியோகத்தரும் இருக்கிறார். ‘அம்மா’ என்று சொன்னால் வாய் வலிக்காது.

இனிக் கேள்விகள் கேட்கலாம். கொழுந்து எடுக்கிற தாய்மார் முதல்ல கேக்கட்டும், துரைமார் கொஞ்சம் பொறுத்துக்குங்க.