படிவு கரைந்த பிறகும்



1906ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், இறந்துபோன தம் நோயாளி ஒருவரின் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நரம்புச் செல்களுக்கு வெளியே படிவுகள், உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகள். படிவு அமிலாய்டு என்ற புரதம், இழை டௌ என்ற புரதம் என்று தெளிய ஏறக்குறைய எண்பது ஆண்டு பிடித்தது. 1992இல் ஜான் ஹார்டியும் ஜெரால்ட் ஹிக்கின்ஸும் அமிலாய்டு சேர்வதுதான் அல்சைமர் நோயின் மூலகாரணம், டௌ உட்பட மற்றதெல்லாம் அதன் விளைவு என்று எழுதினார்கள். நடுத்தர வயதிலேயே இந்நோய் பரம்பரையாக வரும் குடும்பங்களில் பழுதான மரபணுக்கள் அமிலாய்டு உற்பத்தியோடு சம்பந்தப்பட்டவை என்பதால், கருத்து வலுவாகவே நின்றது.

அப்படியானால் படிவை அகற்றினால் நோய் நிற்க வேண்டும் அல்லவா? அமிலாய்டுக்கு எதிரான ஏஎன்1792 என்ற தடுப்பூசியைப் போட்டுப் பார்த்தார்கள். சிலருக்கு மூளை அழற்சி வந்ததால் 2002இல் ஆய்வு நின்றது. ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர்களைச் சில ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து, அவர்களில் இறந்தவர்களின் மூளையைப் பரிசோதித்தார்கள். 2008இல் முடிவு வெளியானது. சிலருடைய மூளையில் படிவு அநேகமாகத் துடைத்தெடுத்ததுபோல் இருந்தது. அவர்களும் கடும் மறதிநோயில்தான் இறந்திருந்தார்கள். இத்துறையில் என்னை மிகவும் உலுக்கிய முடிவு இதுதான். அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைப் பலர் தள்ளிப்போட்டார்கள் என்பது என் எண்ணம்.

பிறகு செமகாசெஸ்டாட், பாபினியூசுமாப், சோலனெசுமாப் என்று வரிசையாக மருந்துகளின் தோல்விகள். அடுகானுமாப்புக்கு 2021இல், ஆலோசனைக் குழு வேண்டாம் என்ற பிறகும், அமெரிக்கா அனுமதி தந்தது. குழுவினர் மூவர் விலகினர். மருந்தும் 2024இல் கைவிடப்பட்டது. அதே ஆண்டு, அமிலாய்டின் ஒரு வகை நினைவைக் கெடுக்கிறது என்ற புகழ்பெற்ற 2006 கட்டுரை, படங்கள் திருத்தப்பட்டிருந்ததால் திரும்பப் பெறப்பட்டது. துறையே அதன்மேல் நின்றதாகப் பத்திரிகைகள் எழுதியது மிகை.

லெகானெமாப் என்ற மருந்து ஓரளவு பலித்தது. 1,795 பேர் பங்கேற்ற ஆய்வில், 18 மாத முடிவில் நோயின் கடுமையை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில், போலி மருந்து பெற்றவர்களோடு ஒப்பிட்டால் 0.45 வித்தியாசம். நோய் மெதுவாகிறது, உண்மை. வீட்டில் கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர் கண்ணுக்கு அது தெரியுமா? மருத்துவர்களே இதில் இரண்டு கட்சி. மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வரலாம் என்பதால் அடிக்கடி ஸ்கேனும் எடுக்க வேண்டும்.

காலம் கடந்து மருந்து கொடுப்பதுதான் குறை என்கிறார்கள் ஆதரவாளர்கள். இருக்கலாம்; அறிகுறி வராதவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் நடக்கின்றன. எனக்கு அதைவிடப் பெரிய புதிர் கொலம்பியாவில் இருக்கிறது. அங்கே ஒரு பெருங்குடும்பத்தில் மரபணுப் பழுதால் நாற்பதுகளிலேயே நோய் தொடங்கும். அதே பழுது கொண்ட ஒரு பெண்மணி எழுபது வயதுவரை தெளிவாக இருந்தார். மூளை நிறைய அமிலாய்டு. டௌ மட்டும் குறைவு. அவரிடம் அபோஇ மரபணுவின் அரிய மாற்றம் ஒன்று இரட்டையாக இருந்தது. படிவு அத்தனை இருந்தும் டௌ பரவாமல் அது எப்படித் தடுத்தது, அதை மருந்தாக்க முடியுமா என்பதில்தான் இன்று பல ஆய்வகங்கள் முனைந்திருக்கின்றன.